மொழி தெரியாதவர்களின் கரீம் பாய்

வெள்ளிக்கிழமை காலை டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்செய்தி வந்தது. எண் கரீம் பாயுடையது. பேசியது அவர் மகன் யூசுப். "அத்தா சுபுஹு நேரத்துல மௌத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. எல்லாரும் துஆ செய்ங்க."

கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. டயாலிசிஸ் பிரிவில் நர்சாக இருக்கிற நான், கடைசி மாதங்களில் அவர் கையில் ஊசி போட இடம் கிடைக்காமல் தவித்திருக்கிறேன். இனி அந்தக் கைக்கு வலி இல்லை. குவைத்திலிருந்து யூசுப்பும் முந்தைய வாரமே வந்துவிட்டிருந்தான். மகன் பக்கத்தில் இருக்கும்போதுதான் உயிர் பிரிந்திருக்கிறது.

உங்களில் பலர் அவரைப் பார்த்ததே இல்லை. குரலாக மட்டுமே தெரியும். பார்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் ஒரு தொழிலாளர் முகாமின் சமையற்கூடத்தில் இளமை முழுவதையும் கழித்தவர். சிறுநீரகம் கெட்டுப்போய் ஊர் திரும்பினார். பெரம்பலூரில் எங்கள் பிரிவுக்கு வந்த புதிதில், படுக்கையில் கிடந்தபடி ஃபோன் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பார். விரல் ஓடும், கண் எதிலும் நிற்காது.

"அப்படி என்னதான் பாக்குறீங்க பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். அங்க இருந்தப்ப வூட்டுக்காக இருக்கோம்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. இப்ப எதுக்கு இருக்கேன்னே தெரியல. அதான் இதத் தள்ளிக்கிட்டுக் கெடக்குறேன்."

அவர் இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு பிற்பகலில் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் இருவரும் நின்றிருந்தோம். எனக்கு உடையார்பாளையம் போக வேண்டும். அவருக்கு அவர் ஊர் பஸ். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வடநாட்டு அம்மாள், அழுத குழந்தை ஒன்றுக்குப் பிஸ்கட் நீட்டினார். குழந்தையின் தாய் அலறிவிட்டாள். "புள்ள புடிக்கிறவ" என்று யாரோ கத்த, நொடியில் கூட்டம் வளைத்துக்கொண்டது. எல்லோர் கையிலும் ஃபோன் உயர்ந்தது. அந்த அம்மாளின் படம், எச்சரிக்கை வாசகத்தோடு, அப்போதே பாயின் ஃபோனுக்கும் வந்துவிட்டது. படத்தில் இருந்தவர் எங்களுக்குப் பத்தடி தூரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

டயாலிசிஸ் முடிந்த களைப்பில் நிற்கவே முடியாமல் இருந்த பாய், கூட்டத்துக்குள் நுழைந்து அந்த அம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருவன் கையை ஓங்கியபடி நின்றிருந்தான்.

"ஃபோன உள்ள வைங்கப்பா, அவங்க பயப்படுறாங்க. போலீஸுக்கு நானே சொல்றேன். அதுவரைக்கும் எங்கயும் போக மாட்டாங்க, நானும் போக மாட்டேன்" என்றார்.

இந்தியில் பேசிப் பார்த்தார். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. சைகையால் கேட்டுக்கொண்டு அவர் குரலைப் பதிவுசெய்து, பழைய முகாம் நண்பர்களுக்கு அனுப்பினார். கூட்டம் முணுமுணுத்தபடி காத்திருந்தது. பாயின் நெற்றியில் வியர்வை கொட்டியது. சற்று நேரத்தில் அவர்களில் ஒருவரான ஒரிசாக்காரர் பிரமோத் வளைகுடாவிலிருந்தே அழைத்தார். அந்த அம்மாள் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொந்த மொழி கேட்ட வேகத்தில் அழுதுகொண்டே பேசினார்.

அரியலூரில் கட்டட வேலை பார்க்கும் மகனிடம் வந்தவர். ரயில் நிலைய நெரிசலில் அவனைத் தவறவிட்டு, ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி இங்கே வந்திருக்கிறார். காவலர் வந்தார், விவரம் சொன்னோம். பிரமோத் அவர்கள் ஊருக்குப் பேசி மகனின் எண்ணை வாங்கித் தந்தார். யாருடைய பைக்கிலோ வந்து இறங்கியவன் ஓடிவந்து தாயின் காலில் விழுந்தான். பிஸ்கட்டுக்கு அலறிய பெண்தான் முதலில் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

படம் அனுப்பிய இளைஞனைப் பாய் திட்டவில்லை. "யார் யாருக்கு அனுப்புனீங்களோ அவங்களுக்கு நீங்களே உண்மையச் சொல்லிடுங்க தம்பி. நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார். அவன் அங்கேயே நின்று ஒவ்வொருவருக்காகப் பேசினான்.

தாயையும் மகனையும் பாயோடு நிறுத்திப் படம் எடுக்க வேறொருவர் வந்தார். பாய் மறுத்துவிட்டார். "அவங்க அழுத மொகத்தக் காட்டி நாம நல்ல பேரு வாங்கணுமா?"

நம் குழு தொடங்கியது அந்த வாரம்தான். முகாம் நண்பர்கள் ஒவ்வொருவரும் தெரிந்தவர்களைச் சேர்க்க, மொழிகள் பெருகின. காவல் நிலையத்திலிருந்து, சிமெண்ட் லாரிகள் நிற்கும் இடத்திலிருந்து, எங்கள் மருத்துவமனை வார்டுகளிலிருந்து மொழி தெரியாமல் தவிப்பவர்களின் குரல்கள் வந்தன. அறுவைசிகிச்சைக்குப் பயந்து ஓடப் பார்த்த அசாம் பையனிடம் உங்களில் ஒருவர் அரை மணி நேரம் பேசியதை மறந்திருக்க மாட்டீர்கள். பாய் அந்த அழைப்பை டயாலிசிஸ் படுக்கையில் இருந்தபடியே நடத்திவைத்தார். ஃபோன் அதேதான். ஆனால் இப்போது யாராவது கூப்பிட்டால் ஊசி குத்திய கையைக்கூட மறந்து எழப் பார்ப்பார். "படுங்க பாய்!" என்று அதட்ட வேண்டியிருக்கும்.

"எதுக்கு இருக்கேன்னே தெரியலன்னீங்களே, இப்பத் தெரிஞ்சுதா?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"அதயெல்லாம் யோசிக்க எங்க சிஸ்டர் நேரம்?" என்று சிரித்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பழக்கம். உதவி பெற்றவர்களை மறுநாள் அவர் மறுபடி கூப்பிடுவார். காரியம் எதுவும் இருக்காது. "அன்னிக்கு உதவுனது அவசரத்துக்கு. மறுநா விசாரிக்கிறதுதான் அவங்களுக்காக" என்பார்.

அடக்கம் முடிந்த மறுநாள், நம் குழுவின் உதவியோடு எங்கள் மருத்துவமனையில் பிரசவமாகி வீட்டுக்குப் போயிருந்த ஒரு பீகார் பெண்ணை அழைத்தேன். அவள் என்னவோ சொன்னாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. பின்னால் பச்சைக் குழந்தை வீறிட்டது. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நலமாகத்தான் இருக்கிறார்கள்.