விரதக் கம்பளம்

கலியாணமாகி எட்டு வருடமாகியும் சித்திக்குப் பிள்ளை இல்லை. அந்த வருடம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் எலுமிச்சை பிழிந்த தேசிக்காய்த் தண்ணீரோடு மட்டும் இருந்து, முருகனை ஒரு கை பார்த்துவிடுவதென்று முடிவெடுத்தார். நாங்கள் குடியிருந்த லா சப்பலில் நவம்பர் மாதத்துத் தரை பனிக்கட்டிதான். வெறுந்தரையில் இருந்து தேவாரம் படித்தால் முருகன் வருமுன் காய்ச்சல் வந்துவிடும் என்று சித்தப்பாவுக்குப் பயம். கம்பளம் வாங்கக் கைப்பணிச் சந்தைக்குப் புறப்பட்டவர், பிரெஞ்சு பேச ஆள் வேண்டுமென்று ஒன்பது வயதான என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே மெக்சிக்கோவிலிருந்து வந்த சப்போடெக் பழங்குடி நெசவாளர்கள், கணவனும் மனைவியும், கடை போட்டிருந்தார்கள். மனைவி கம்பளி நூல் நூற்றுச் சாயம் தோய்க்க, கணவர் தறியில் நெய்வாராம். படிப்படியாக ஏறி இறங்கும் கோலமிட்ட சிவப்புக் கம்பளம் ஒன்றைக் கண்டதும் சித்தப்பா அசையவில்லை. "என்ன சாயமெண்டு கேள் பிள்ளை" என்றார். கேட்டேன். அந்தப் பெண் கள்ளிச்செடியில் வளரும் பூச்சிகளில் காய்ந்த நாலைந்தை உள்ளங்கையில் போட்டு நசுக்கினார். கை இரத்தச் சிவப்பானது. அதன்மேல் தேசிக்காய் பிழிந்தார். சிவப்பு செம்மஞ்சளாக மாறியது! நான் கைதட்டினேன். சித்தப்பாவுக்கோ முகம் செத்துப்போயிற்று.

"பூச்சியைக் கொண்டு தோய்ச்சதிலையோ விரதக்காரி இருக்கிறது?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் அந்தக் கம்பளத்தை விட்டுவர மனம் வரவில்லை. வீடு வரும்வரை, "சித்தியிட்டை மூச்சு விடப்படாது, கண்டியோ" என்று என்னை வெருட்டிக்கொண்டே வந்தார்.

ஐந்து நாள் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். சித்தி அந்தக் கம்பளத்தில் சப்பணம் கட்டி இருந்து கண்ணை மூடினால், எனக்குத்தான் உடம்பெல்லாம் பூச்சி ஊரும்.

ஆறாம் நாள் பசிக்களையில் சித்தி கோப்பையைத் தட்டிவிட, தேசிக்காய்த் தண்ணீர் கம்பளத்தில் கொட்டுப்பட்டது. துடைக்கத் துடைக்க அந்த இடம் செம்மஞ்சளாகியது.

"ஐயோ, இஞ்சை ஓடி வாங்கோ! சிவப்பு காவியாப் போச்சு! முருகன் வந்திட்டான்!"

கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் திரண்டுவிட்டார்கள். ஒருவர் சூடம் கொளுத்தினார். இன்னொருவர் படம் பிடித்து, புறநகரில், பொண்டியில் இருக்கும் தமக்கைக்கு அனுப்பிவிட்டு, "வடிவாப் பாருங்கோ, வேல் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வர, வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினேன்.

சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். போச்சு, உண்மையைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அந்தக் கறையில் நெற்றியை வைத்து, "அப்பனே, ஒண்டே ஒண்டு. ஒண்டு காணும்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

என்னமாய் நடிக்கிறார் மனுசன் என்று மலைத்துப்போனேன். மறுநாள் படியில் கண்டபோது, "சித்தப்பா, நேற்று நல்லா நடிச்சனீங்கள்" என்று பாராட்டினேன். அவர் என் தலையைத் தடவினார். கண் கலங்கியிருந்தது. என் பாராட்டில் அவருக்கு அவ்வளவு சந்தோசமாக்கும் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.