நான் குடிக்காமலே விட்ட குடி

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கோயிலில் முறை வரும்போது வாசகம் வாசிப்பதைத் தவிர எழுத்தோடு எனக்குப் பெரிய பழக்கம் கிடையாது. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அதுவல்ல. ஒரு மனிதரை நினைத்தாலே எனக்கு வாய் கசக்கிறது. அந்தக் கசப்போடு பேனாவை எடுக்கக் கூடாது, அது தீர்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். தீரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "அவருக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார் சாமியார். அன்றிலிருந்து ஜெபமாலையில் ஒரு மணியை அவருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்த மணி வரும்போது மட்டும் விரல் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறது. ஆண்டவருக்கு இது தெரியும், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் தெரிவது ஒரு ஏசி ரிமோட். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு மேலே ஓர் அறை. கல்லூரிச் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வுக்கும் குழு விவாதத்துக்கும் அங்கே பயிற்சி கொடுத்தார். பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார்கள். மாடிப்படியில் பெற்றோரின் செருப்புச் சத்தம் கேட்டால் ரிமோட்டை எடுப்பார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். பார்த்த பிறகும் என் மகளை அங்கே சேர்த்தேனே, அந்த முட்டாள்தனத்தை யார் தலையில் கட்டுவது. எல்லோரும் அவரை டிரெய்னிங் சார் என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

எனக்குத் திண்டிவனத்தில் ஒரு மாவு மில். கேப்பை, கோதுமை, மிளகாய், அரப்பு என்று எது வந்தாலும் அரைப்பேன். மகள் ஊரிலேயே பி.காம். முடித்தாள். எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. சென்னையில் இருக்கும் ஒரு நிர்வாகவியல் கல்லூரி, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சில இடங்களைக் கட்டணச் சலுகையோடு தருவதாக அறிவித்திருந்தது. அந்தச் சலுகை கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை. இது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். அதனால்தான் சனி, ஞாயிறுகளில் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். ஞாயிறு பூசையைக்கூட விட்டாள். படிப்புக்குத்தானே என்று நானும் விட்டேன்.

அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார் என்பதை அவள் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லுவாள். விவாதத்தில் முதல் ஆளாக வாயைத் திறக்க வேண்டுமாம். விஷயம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நூற்றுக்கு இத்தனை பேர் என்று ஏதாவது ஒரு கணக்கை அடித்துவிட வேண்டுமாம், யாரும் சரிபார்க்க மாட்டார்களாம். அடுத்தவனை வெட்டிப் பேசும்போது "என் நண்பர் சொல்வதை மதிக்கிறேன்" என்று ஆரம்பிக்க வேண்டுமாம். என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இதுக்கு இன்னாத்துக்கு கிளாஸு, நம்ம தெரு குழாயடியில போயி நின்னா போதுமே" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தேர்வு விழுப்புரத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சலுகைக்கு விண்ணப்பித்தவர்கள் தாயையோ தகப்பனையோ அழைத்து வர வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அதற்கு முந்தின நாள் ஒரு விசேஷ வீட்டுக்கு மிளகாய் அரைத்துக் கொடுத்திருந்தேன். மிளகாய் அரைத்தால் மறுநாள் வரை கண் சிவந்துதான் இருக்கும், எங்கள் தொழிலில் இது சகஜம். வெள்ளைச் சட்டை, வேட்டி, மாதா படம் போட்ட சின்ன டாலர், இவற்றோடு சிவந்த இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டு போனேன்.

குழு விவாதம் சாப்பாட்டுக் கூடத்தில். நீள மேசைகளை ஓரம் தள்ளி, எட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முந்தின பந்தியின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. பெற்றோர் தூண்களுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம் என்றார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷ். பக்கத்தில் நின்ற இன்னொரு பையனின் தகப்பனுக்குக் கொஞ்சம் புரிந்தது.

"செவப்பு ஒசத்தியா ஊதா ஒசத்தியான்னு பேசச் சொல்லிக்கிறாங்கபா" என்றார்.

"அத தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணுவாங்க?"

"பிசினஸ் பண்ணுவாங்களாம்."

அப்படியே பதினைந்து நிமிடம் நடந்தது. பிள்ளைகள் ஒருவர் வாயில் ஒருவர் விழுந்து பேசினார்கள். மார்க்கெட்டில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டைக்கு ஏலம் விடும்போதுகூட இவ்வளவு இரைச்சல் இருக்காது, அங்கேயாவது நடுவில் ஒரு மூட்டை இருக்கும். வட்டத்தில் ஒரு பையன் மட்டும் பேசவில்லை. வாயைத் திறப்பான், அதற்குள் யாராவது முந்திக்கொள்வார்கள். அப்போது என் மகள் கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தி, அவன் பக்கம் திரும்பி, அவனையும் பேச விடுங்கள் என்றாள், பக்கத்தில் நின்றவர்தான் அர்த்தம் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை பேரில் என் பிள்ளைக்குத்தான் அந்த இரக்கம் வந்தது என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். அந்தப் பையன் திடீரென்று எல்லோர் கண்ணும் தன் மேல் விழவே, திக்கி, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஓரத்தில் இருந்தவர்கள் தாளில் எதையோ குறித்தார்கள். அவனுக்கு அழைப்பு வரவில்லை. என் மகளுக்கு வந்தது.

நேர்முகத் தேர்வு மணமகள் அறையில். கதவுக்கு மேலே அந்தப் பலகை அப்படியே இருந்தது. அவள் உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவரை டீன் என்றார்கள். ஒரு பக்கம் ஒரு அம்மா. இன்னொரு பக்கம் இருந்தவர் தன் செல்போனை விட்டுத் தலையை எடுக்கவேயில்லை. டீன் எழுந்து என் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

"பயப்படாதீங்க. உங்க பொண்ணு எல்லாத்தையும் மறைக்காம சொல்லிட்டா. குடிய விட்டு எவ்ளோ நாளாவுது?"

வேறு யாருடைய தகப்பனையோ கூப்பிட வேண்டிய இடத்தில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. என் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டதில்லை. என் தகப்பனார் கல்லறைக்குப் போனதே குடியால்தான். அதனால் பதினாறு வயதில் பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்று வாக்குக் கொடுத்தவன் நான்.

அந்த அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டு டீனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டீன், "இப்பவும் அப்பப்ப உண்டா? உண்மைய சொல்லுங்க, தப்பா நெனைக்க மாட்டோம்" என்றார்.

உண்மையைச் சொன்னால் என் மகள் பொய்க்காரி. அவ்வளவுதான் கணக்கு. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மேலே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்கிற அளவுக்கு நேரம் இருந்தது.

"இல்லீங்க" என்றேன். "விட்டுட்டேங்க."

அந்த மனிதரின் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க வேண்டும். தானே கையைப் பிடித்து என்னைக் கரையேற்றியது போல. "சர்ச்சுக்குப் போற பழக்கம் உண்டா? வாரா வாரம் போங்க, மனசு மாறும்" என்று எனக்குப் புத்தி சொன்னார். சரிங்க, போறேங்க என்றேன். கேப்பையில் ஒரு பிடி மண் கலந்திருந்தால், மூட்டைக்குள் கையை விட்டதும் எனக்குத் தெரியும். மனிதர்களைத் தேர்ந்தெடுக்க அவ்வளவு தூரம் கார் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவன் குடிகாரனா மிளகாய் அரைப்பவனா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அவர்களுக்கு ஒரு நல்ல கதை வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது.

திரும்பும்போது பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு வந்தது. அங்கே வண்டி வரிசையில் நின்றபோது அவளாகவே ஆரம்பித்தாள்.

"டிரெய்னிங் சாருதான்பா சொன்னாரு. ஒவ்வொருத்தரையும் வீட்டுக் கஷ்டம் இன்னான்னு கேட்டாரு. எங்கப்பா மில்லு வச்சிக்கிறாரு, கோயிலுக்குப் போவாரு, வேற ஒண்ணும் இல்ல சார்னேன். உங்கப்பாவ வச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாதும்மான்னாரு. அவரே ஒரு கதைய எழுதிக் குடுத்தாரு."

"அந்தப் பையனப் பேசச் சொன்னியே, அது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுவும்தான். ஊமையா ஒருத்தன் இருப்பான், அவனக் கூப்புட்டுப் பேச வச்சா நமக்கு மார்க்குன்னாரு."

குடிகாரன் என்று சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த இரக்கமும் பாடம்தான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. மாதாவுக்குச் சொன்ன நன்றியை எப்படித் திரும்ப வாங்குவது. வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் மகளைத் திட்டவில்லை. "நீங்க குடிகாரன்னா நான் யாரு, அடி வாங்கினவளா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

சீட்டு வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு டிரெய்னிங் சாரைப் பார்க்கப் போனேன். படியில் என் செருப்புச் சத்தம் கேட்டு ஏசி போட்டிருந்தார். ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சண்டை போடக்கூட இல்லை. அவர் சிரித்தார்.

"சீட்டு வந்துச்சா இல்லியா? உங்க பேட்ச்ல நாலு பேரு அப்பாவ சாவடிச்சிட்டாங்க பெரியவரே. உங்கள உசுரோட உட்டிருக்கேன், சந்தோசமா போயி வேலயப் பாருங்க. ஜல்தி, எனக்கு கிளாஸ் இருக்கு."

வாசல்படியைத் தாண்டும்போது பின்னால் ஏசி நிற்கும் சத்தம் கேட்டது. மனிதர்களில் இப்படி ஒரு வகை உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. திருடனுக்காவது பயம் இருக்கும். இவர் அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்து, தகப்பனை எடுத்து வேறு தகப்பனை வைத்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்த்தார்.

மகள் படித்தாள். நன்றாகவே படித்தாள், இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறாள். அந்தக் கதை மட்டும் அதோடு நிற்கவில்லை. அதை டிரெய்னிங் சார் ஒவ்வொரு வருடமும் புதிய பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொல்கிறார். ஊரையும் தொழிலையும் சேர்த்தே சொல்கிறார். திண்டிவனத்தில் மகளை எம்.பி.ஏ. படிக்க வைத்த மாவு மில்காரர் எத்தனை பேர். போன வருடம் என் காதுக்கு வந்தபோது, நான் மில் பெல்ட்டைக் கழற்றிப் பெண்டாட்டியை அடித்தவனாக வளர்ந்திருந்தேன்.

அப்போதும் நான் எழுதவில்லை. சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், வழக்கமாகக் கேப்பை அரைக்க வரும் ஒரு பெண், மாவை வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். அவளுடைய மகன் அந்தப் பயிற்சிக்குப் போகிறானாம்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எப்படிண்ணா உட்டீங்க? மாத்திரையா, இல்ல உங்க மாதா கோயில்ல ஏதாச்சும் வேண்டிக்கினீங்களா? எங்க வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு வந்துக்கிறேன்."

வாசலில் அவர் நின்றிருந்தார். குளிக்க வைத்து, தலை வாரி, துவைத்த சட்டை போட்டு அழைத்து வந்திருந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. மூட்டை மேல் உட்காரச் சொன்னேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன். நான் குடித்ததே இல்லை, அது பொய், சீட்டுக்காகச் சொன்ன பொய் என்றேன். அவள் நம்பவில்லை. என் முகத்தைக் கெஞ்சுவது போலப் பார்த்தாள். அந்த மனிதர்தான் எழுந்தார்.

"வா போலாம். அண்ணனுக்கு சொல்றதுக்கு வெக்கமா இருக்குது."

"எங்களுக்குச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணல" என்றாள் அவள். "பரவால்லண்ணா."

அதன்பிறகு அவள் வேறு மில்லுக்குப் போகிறாள். அவர் இன்னும் குடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். டிரெய்னிங் சார் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பில், அன்றிலிருந்து ஒரு பங்கைப் பிரித்து என் மேலும் போட்டுக்கொண்டேன். ஒருத்தி தன் புருஷனைக் குளிப்பாட்டி அழைத்து வந்த நம்பிக்கையை நட்டது அவர் மட்டுமல்ல. மணமகள் அறையில் நானும் தண்ணீர் ஊற்றினேன்.

மகளைப் போனில் கூப்பிட்டு, எழுதப் போகிறேன் என்றேன். "எழுதுங்கப்பா. நான் சொன்னதயும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் காதுக்குப் போய்ச் சேரும்வரை சொல்லுங்கள். ஆனால் எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே சொல்லுங்கள். சுவைக்காக ஒரு அடியையோ ஒரு பாட்டிலையோ சேர்க்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு எதையும் எடுக்கவும் வேண்டாம். மில்காரர் குடித்ததே இல்லையாம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கேட்டபோது விட்டுட்டேங்க என்று சொன்னார், யோசிக்க நேரம் இருந்தும் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.