பூ இடப்பக்கம் விழுந்த பிறகு

பேசாமல் இருந்தது போதும். சாமி சொல்லைக் கேட்காததால்தான் என் அக்கா இறந்தார் என்று திருப்பூரில் பேசுகிறார்கள். துக்க வீட்டிலேயே என் காதுபடப் பேசினார்கள். அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் நடந்ததைச் சொல்கிறேன்.

செய்தி நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தலைமையாசிரியர் அறைத் தொலைபேசியில் மாமா, அக்காவின் கணவர், பேசினார். "மாப்ளே, உங்கக்கா நம்மள உட்டுட்டுப் போயிட்டா." வகுப்புக்குத் திரும்பி, பாதியில் நின்ற பாடத்தை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் என்று தெரியவில்லை.

அக்கா நன்றாகப் படித்தவர். பள்ளிப்படிப்பு முடியுமுன்பே ஒரு பனியன் கம்பெனிக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவசரப்படுத்தியவர் மாமாவின் அண்ணன். அவரோடு நான் அன்றே பேச்சை நிறுத்தினேன். அக்கா நிறுத்தவில்லை, அவருக்கும் சோறு போட்டார்.

மின்சாரம் நின்று மெஷின்கள் ஓய்ந்தால், ஆட்களுக்குக் கம்மங்கூழ் கரைத்துக் கொண்டுபோவார். "கரண்டு எப்பங்க வரும்?" என்பார்கள். "எனக்கென்னங்க தெரியும்? வர்ற வரைக்கும் இதக் குடிங்க."

போன ஆண்டு அவர் வயிற்றில் கட்டி கண்டது. அறுத்தால் பிழைக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் கோவை டாக்டர். ஆத்தாவிடம் பூக் கேட்காமல் கத்தி வைக்கக் கூடாது என்று மாமாவின் அண்ணன் பிடிவாதமாக நின்றார். ஆத்தா, தாராபுரம் பக்கத்தில் இருக்கும் அவர்கள் குலதெய்வம். சிலையின் இரு தோளிலும் பூ வைத்துக் காத்திருப்பார்கள். வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம். அன்று இடப்பக்கம் விழுந்தது.

"உத்தரவில்லீங்க. ஊட்டுக்குப் போலாம்" என்றார் மாமாவின் அண்ணன்.

"நான் கோயமுத்தூர் போறனுங்க" என்றார் அக்கா. விழுந்த பூவைப் பூசாரியிடம் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

நான் சாமி கும்பிடாதவன்; அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "வேண்டாம்னு சொன்ன பூவ எதுக்குக்கா வெச்சுக்கிட்டீங்க?"

"அவ குடுத்ததுதானே தம்பி. கூட வா ஆத்தான்னு கூப்பிட்டிருக்கறேன்."

"பொழச்சுக்குவம்னு நெனைக்கறீங்களா?"

"தெரியாது. இத்தன வருசப் பழக்கம். ஒரு தடவ இல்லைன்னுட்டான்னு மொகத்தத் திருப்பிக்குவனா? நானென்ன நீயா?"

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் இறந்தார்.

கேட்டது கிடைக்கும் என்று காத்திருப்பதைத்தான் நம்பிக்கை என்கிறார்கள் என எண்ணி ஆயுள் முழுக்க ஏளனம் செய்தேன். அக்காவுக்கு இல்லை என்ற பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது எதை என்று யோசித்து யோசித்து அலுத்துப்போனேன்.

கருமாதி முடிந்ததும் அந்தக் கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை. "ஏன் வேண்டாம்னு சொன்னே?" என்று கேட்டுவிட்டு நின்றேன். கோபத்தோடு திரும்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். சண்டை போடுவதற்காவது அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று ஆகிவிட்டது.

மாமாவின் அண்ணன் பெயரை இதில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். என் பெயரைப் போட்டாலும் ஊர் இதை என் பழைய பகையாகத்தான் வாசிக்கும்; அக்கா காணாமல் போவார். போய் வாருங்கள், அக்கா. கையெழுத்தில்லாமலே இதைப் பத்திரிகைக்குத் தபாலில் போடப் போகிறேன்.