ஒரே தோலில் தலைவரும் நாற்காலியும்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோலாலம்பூர் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். கையில் ஒரு பெட்டி. உள்ளே ஆட்டுத்தோலில் நானே வெட்டிச் சாயம் தீட்டிய பதினெட்டுப் பாவைகள். பிரிக்பீல்ட்ஸுக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். வாடகைக் கார் எழுபத்திரண்டு ரிங்கிட். இந்தக் காசுக்கு மதுரையிலிருந்து இராமேசுவரம் போய்த் திரும்பி வரலாமே என்று வயிறு எரிந்தது.

"என்னா அக்கா, பெட்டிய மடியிலயே வச்சிருக்கீங்க? பின்னால போடலாம் லா" என்றார் ஓட்டுநர்.

"தோல்பாவை. நசுங்கிடும்."

"ஓ, வாயாங் கூலிட்! அது மலாய்க்காரங்க ஆடுறதுல்ல?"

"நாங்களும் ஆடுவோம். இது கிரேக்கக் கதை."

கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

கதை இதுதான். ஊரை ஆட்டிப்படைக்கும் ஒரு தலைவனை, தெருவில் கூவி விற்கும் ஒருவன் வாயாலேயே கவிழ்க்கிறான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கிரேக்கர்கள் இதை ஆடிச் சிரித்துவிட்டார்கள். அவர்கள் நாடகத்தில் அவன் விற்றது இறைச்சி. எங்கள் ஆள் கச்சாங் பூத்தே விற்கிறான், காகிதச் சுருளில் கடலையும் முறுக்கும். அது மல்லிகாவின் யோசனை. மல்லிகா பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். கிள்ளானில் ஒரு சமூக மண்டபத்தின் பின்னறையில் சின்ன நாடகக் குழு நடத்துகிறாள். வசனம் அவள், பாவை நான். நான்கு மாதம் கைப்பேசியிலேயே சண்டை போட்டுச் செய்தோம்.

தலைவரையும் நாற்காலியையும் ஒரே தோலில் வெட்டினேன். இடுப்பில் மூட்டு வைத்தால் கிழிந்துவிடும் என்று மல்லிகாவிடம் சாக்குச் சொன்னேன். அந்த ஆள் எழுந்திருக்கவே கூடாது, அதுதான் என் ஆசை.

சனிக்கிழமை ரயிலில் கிள்ளான் போனோம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒத்திகை நடுவில் மண்டபத் தலைவர் வந்தார். பட்டம் வாங்கியவர், எல்லோருக்கும் 'டத்தோ'. பாவையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நான்தானே?"

"டத்தோ, இது மதுரையில வெட்டுனது. உங்களை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றேன்.

"மூக்கு என் மூக்கு. நாற்காலியும் என்னோடது. இத எடுத்துடுங்க. இல்லன்னா மல்லிகா, நாளைக்கு நாடகம் முடிஞ்சதும் பின்னறை சாவிய என்கிட்ட கொடுத்துட்டுப் போ."

மல்லிகாவின் முகம் செத்துப்போனது. ஒன்பது வருடம் அவள் கூட்டி, சுண்ணாம்பு அடித்து, ஒட்டடை தட்டிய அறை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"சரி டத்தோ. நாளைக்கு மேடையேறி, 'இந்தப் பாவை நான்தான்'னு மைக்ல சொல்லுங்க. அந்த நிமிஷமே எடுத்துடறோம்."

மனுஷன் பாவையை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எதிர்க்கடையில் தே தாரிக், நம்ம ஊர் ஆற்றிய டீதான், இரண்டரை ரிங்கிட். குடித்தபடியே, எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வீராப்புப் பேசிவிட்டு நான் விமானம் ஏறிவிடுவேன். அறை போவது அவளுக்கு அல்லவா?

"எடுத்துட்டு, அந்த ரூம்ல உக்காந்து என்னா போடுறது அக்கா? பொங்கல் வாழ்த்துப் பாட்டா?" என்றாள். "போடுறோம் லா. வர்றது வரட்டும்."

ஞாயிறு மாலை ஏழரைக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. செமினியிலிருந்தும் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். முன்வரிசை நடுவில் டத்தோ. தலைவர் நாற்காலியோடு திரையில் வந்ததுமே சிரிப்பு கிளம்பியது.

கிரேக்கர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாதியில் கதையை நிறுத்திவிட்டு, ஆடுகிறவர்கள் பார்க்கிறவர்களையே பிடித்துத் திட்டுவார்கள். எங்கள் கச்சாங் பூத்தேக்காரனும் நின்றான். மல்லிகாவின் குரலில் கேட்டான்: "சிரிக்கிறீங்களே, இந்த ஆள அதுல உக்கார வச்சது யாரு? வருஷா வருஷம் கை தூக்குனது யாரு?"

அடுத்த நொடி விளக்கு அணைந்தது. மின்விசிறியும் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். ஆனால் எதிர்க்கடையிலும் தெருவிலும் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"போனு இருக்கவங்க பின்னால வாங்க!" என்று இருட்டில் கத்தினாள் மல்லிகா. "லைட்டப் போட்டுட்டு வாங்க!"

முதலில் ஓர் ஆன்டி வந்தார். பின்னாலேயே இருபது பேர் இருக்கும், திபுதிபுவென்று திரைக்குப் பின்னால் வந்து நெருக்கினார்கள். அந்த நெருக்கலில் தலைவர் பாவையைத் திரையிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்க முடிந்தது. முன்னால் மண்டபம் இடிந்து விழுவதுபோல ஒரு சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாவையைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டுத் திரையோரமாய் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு போன் விளக்குக்கும் ஒரு நிழல். திரை முழுக்கத் தலைவர்கள், நாற்காலியும் கையுமாக!

"எங்க செமினி ஆளும் இருக்காரு பாஸ்!" என்றது ஒரு குரல்.

"அந்த ஓரத்துல எங்க கோயில் தலைவரு!"

"இத்தனை பேரயும் யாரு வளர்த்தா?" என்று விடாமல் கேட்டாள் மல்லிகா. எங்கள் பாவையால் முடியாததை டத்தோ செய்தார். நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போனார்.

நாடகத்தை அந்த வெளிச்சத்திலேயே ஆடி முடித்தோம். வாசலில் டத்தோ கையை நீட்டிக்கொண்டு நின்றார். மல்லிகா சாவியை அந்தக் கையில் வைத்தாள்.

"இந்தாங்க டத்தோ. ஃபேன் சுவிட்ச் கொஞ்சம் லூசு, பார்த்துப் போடுங்க."

செமினிக்காரர்கள் வேனில் ஏறியதும் மல்லிகா தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அழுதேன், என்ன வெட்கம்? மூக்கைச் சிந்திவிட்டு, "பத்துமலைப் பக்கம் ஒருத்தர் லோரி வச்சிருக்காரு. பின்னால துணி கட்டுனா திரை ஆயிடும், இல்ல?" என்றாள்.

திங்கட்கிழமை புறப்பட்டேன். தலைவரை மல்லிகாவிடமே விட்டுவிட்டேன். லோரிக்கு அவர் வேண்டும். மதுரை போனதும் புதிதாய் ஒன்று வெட்ட வேண்டும். முதல் பாவையை யாரையும் நினைக்காமல் வெட்டினேன். எங்கள் ஊர் மண்டபத்துக்கும் ஒரு தலைவர் இருக்கிறார். இந்த முறை ஆளைப் பார்த்தே வெட்டப்போகிறேன்.