மண்டபத்துக்கு ஒரு செத்தவீடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எண்பதுகளின் நடுவில் ஊரில் நடந்த போருக்குத் தப்பி லண்டனுக்கு வந்து ஸ்ட்ரெதமில் ஓர் அறையில் குடியிருந்தபோது, அந்த வாய்தான் எனக்கு வேலை எடுத்துத் தந்தது. கடைத்தெருவில் ஒரு கறுப்பினப் பெண் தானே அச்சடித்த துணியில் சட்டைகள் தைத்து விற்றுக்கொண்டிருந்தார். மஞ்சளும் நீலமும் கண்ணைப் பறித்தன. ஒரு சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "துணி நல்ல வடிவு. தையல்தான் சரியில்லை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நீ வந்து தை" என்றார். அடுத்த திங்கட்கிழமை போய் மெஷினில் உட்கார்ந்தேன்.

ஜமெய்க்காவில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. அக்காவுக்கு என்ன தொழில் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காலையில் துணி அச்சடிப்பார். மத்தியானம் மற்றவர்களுக்குத் தலை பின்னுவார். பின்னேரம் தானே எழுதிய நாடகத்தைப் பழக்குவார். பொலிஸ் எங்காவது ஒரு கறுப்புப் பையனைக் காரணமில்லாமல் பிடித்துவிட்டால், எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பதாகை எழுத உட்கார்ந்துவிடுவார். அந்தப் பதாகைகளுக்கு ஓரம் அடித்தது நான்.

"ஒரு தொழிலோடை நிண்டால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு கதவை மட்டும் தட்டினால் எனக்கு ஆர் திறப்பினம்?" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். என் காதில் அவர் பேச்செல்லாம் இப்போது எங்கள் தமிழில்தான் கேட்கிறது.

இத்தனையும் நடந்தது உள்ளூர்க் கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு பழைய மண்டபத்தில். கூரை ஒழுகும். யாரும் சீண்டாமல் கிடந்ததை அக்கா வாடகைக்கு எடுத்து, நிறம் பூசி, மேடை கட்டினார். சனிக்கிழமை காலைகளில் எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்குச் சும்மாவே விட்டுத்தந்தார். அப்படியிருந்தும் எங்கள் ஆட்கள் சிலர் வீட்டுக்குள் அவரைப் பற்றி ஒரு சொல் சொல்வார்கள். அதை நான் எழுதமாட்டேன். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பிள்ளையளை விட மட்டும் அவவின்ரை இடம் வேணும், என்ன?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கவுன்சில் அந்த மண்டபத்தை விற்கப்போவதாகச் செய்தி வந்தது. விற்றால் நாடகம், துணி, வகுப்பு எல்லாமே போச்சு. அக்கா கூட்டம் வைத்தார். நான் தமிழில் நோட்டீஸ் எழுதி வீடு வீடாகப் போட்டேன். கறுப்பினத்தவர்கள் வந்தார்கள், வெள்ளைக்காரர் சிலரும் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான். எனக்கு மானம் போய்விட்டது. போன் எடுத்துக் கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டு: "அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. எங்களுக்கேன் வம்பு?"

அடுத்த நாள் மெஷினில் உட்கார்ந்தபடி பொரிந்து தள்ளினேன். "எங்கடை சனம் நோட்டீசுக்கு வராதுகள், அக்கா. கலியாணமெண்டாலும் நேரை போய்ச் சொல்லவேணும். செத்தவீட்டுக்கு மட்டும்தான் சொல்லாமல் வருங்கள்."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எங்கடை ஊரிலையும் அப்பிடித்தான். செத்தவீட்டுக்கு ஒருத்தரும் அழைப்புப் பாக்கிறேல்லை." மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்து, "அப்ப மண்டபத்துக்குச் செத்தவீடு செய்வம்" என்றார்.

"விசரே உங்களுக்கு?" என்றேன்.

நாடகத்துக்குச் செய்த பலகைப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குக் கறுப்பு அடித்தோம். நான் ஒரே ஒருத்திக்குத்தான் போன் பண்ணினேன். பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுவருகிறவர், யாரோடும் அதிகம் பேசாதவர். "மண்டபத்துக்குச் செத்தவீடு, கவுன்சில் வாசலிலை" என்றேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்று மட்டும் கேட்டார்.

கவுன்சில் முடிவெடுக்கிற அந்தப் பின்னேரம், செய்தி காதுக்குக் காது பரவி, கொட்டும் குளிரில் எங்கள் பெண்கள் வந்தார்கள். வெள்ளைப் பருத்திச் சேலைக்கு மேல் கோட்டு. பிளாஸ்கில் பால் விடாத பிளேன்ரீ. "போய்த் தலையிலை தண்ணி வாக்கவேணுமே, இந்தக் குளிருக்கை!" என்று முணுமுணுப்பு வேறு. ஷிப்ட் முடித்த ஆண்கள் சொல்லாமலே பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். அக்காவின் ஆட்கள் பறை போல ஒன்றை அடித்துப் பாடினார்கள். படிகளில் நிற்க இடமில்லை.

கவுன்சிலர் ஒருவர் பதறிக்கொண்டு வெளியே வந்து, "யார் இறந்துவிட்டார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பேசாத பெண் முன்னால் போனார். "இன்னும் சாகேல்லை. அதுக்குத்தான் வந்தனாங்கள்." தமிழில்தான் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். கவுன்சிலர் தலை குனிந்துகொண்டு உள்ளே போனார்.

முடிவு கேட்க அக்கா உள்ளே போயிருந்தார். திரும்பி வந்து, "விற்கேல்லை. எங்களுக்கே தருகினமாம்" என்று சொன்னவர், அப்படியே படியில் உட்கார்ந்து அழத்தொடங்கிவிட்டார். அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. எங்கள் பெண்கள் சட்டென்று சூழ்ந்து, தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாங்களும் அழுதார்கள். ஊரில் செத்தவீட்டில் அழுகிற அதே மாதிரி.

"நல்ல செய்தியல்லோ, ஏன் அழுறியள்?" என்று அந்தப் பேசாத பெண்ணைக் கேட்டேன்.

"தெரியும் பிள்ளை. ஊரிலை ஷெல் விழுந்து தம்பி செத்திட்டான். செத்தவீட்டுக்குப் போகவும் ஏலாமல் போச்சு. அறையிலை சத்தம் போட்டு அழுதால் பக்கத்து அறைக்காரன் சுவரிலை தட்டுறான்."

என் அப்பாவின் சாவும் எனக்குப் போனில் வந்த செய்திதான். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதிருந்தேன். நானும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். கூடியிருந்த சனமெல்லாம் பார்க்க அப்பாவைச் சொல்லிச் சொல்லி அழுதேன். எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

அந்தப் பெண் என்ன சொன்னார் என்று அக்கா என்னிடம் கேட்டார். சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"இஞ்சை குளிருது. எல்லாரும் மண்டபத்துக்கு வாங்கோ, அங்கை இருந்து அழுவம். அங்கை ஒருத்தரும் சுவரிலை தட்டமாட்டினம்."