ரோஸ் அடித்த சாம்பல்

லிங்கராஜபுரத்தில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் ஒரு பழக்கம் இருந்தது. கல்யாண ஆல்பத்தில் பக்கங்களின் பின்னணி நிறத்தை மாப்பிள்ளையின் கோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் சர்ச் கல்யாணங்கள். பெண் வெள்ளையில் இருப்பாள், மாப்பிள்ளை சாம்பல் கோட்டில் நிற்பார். கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டின் மேல் மவுஸை வைத்துத் தட்டினால் அதே நிறம் பக்கம் முழுக்க வந்துவிடும்.

ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த புதிது. கடையில் அந்த வேலையை முதலில் கற்றவள் நான்தான். முதலாளியை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஜீவனஹள்ளியில் இன்னொரு கடை திறக்கப் போவதாகச் சொன்னார். என் வீடு ஜீவனஹள்ளியில். அந்தக் கடையைப் பார்த்துக்கொள்ளப் போவது நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லியும் விட்டேன்.

அப்போதுதான் சேலத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்து சேர்ந்தாள். எனக்குப் பக்கத்து நாற்காலி. வாயைத் திறந்தால் "அக்கா, அக்கா". வந்த வாரமே அண்ணா எங்கள் இருவரின் பிரிண்ட்டையும் மேஜையில் அருகருகே வைத்தார்.

"இங்க பாரும்மா, உன்னோடது ரோஸ் அடிக்குது. அவளோடது பாரு, சென்னாகிதே! நல்லா இருக்கு, சுத்தமான சாம்பல்."

"மானிட்டர் சரியில்லண்ணா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். "மானிட்டர மாத்திக்கலாமாக்கா?" என்றாள். மாற்றிக்கொண்டோம். என்னுடையது அங்கேயும் ரோஸ் அடித்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ரோஸ் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ரிசப்ஷன் மேடையின் சிவப்புத் திரையின் நிறம் கோட்டின் மேல் அடிக்கும். கோட்டில் பார்த்தால் தெரியாது, பக்கம் முழுக்கப் பரவினால்தான் தெரியும். அதைப் போக்கப் பச்சையைக் கூட்டுவேன். பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். அதைப் போக்க இன்னொன்றைக் கூட்டுவேன். உப்பு கூடிப்போன குழம்பில் புளியை ஊற்றி, புளி கூடிப்போனதென்று மிளகாய்த்தூளைக் கொட்டிய கதைதான். அவளோ நான் டீ குடித்து வருவதற்குள் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று வந்தவளிடம் போய் நான் கேட்பதா? ஒரு மத்தியானம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த கேனில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் நின்று பார்த்தேன். அவளும் கோட்டைத்தான் தட்டினாள். பிறகு நிறப் பெட்டியைத் திறந்தாள். அதில் நிறம், அடர்த்தி, வெளிச்சம் என்று மூன்று கட்டங்கள். அடர்த்திக் கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு சைபர் போட்டாள். மற்றதைத் தொடவே இல்லை. ரோஸ் போயே போய்விட்டது, சாம்பல் மட்டும் நின்றது.

அடிப்பாவி, ஒரு சைபரா! டம்ளர் நிறைந்து வழிந்து என் கால் நனைந்தது.

மறுநாளிலிருந்து நானும் சைபர் போட்டேன். அதை அவள் என்ன ஊரிலிருந்து மூட்டை கட்டியா கொண்டுவந்தாள்? கண் இருந்தால் பார்க்கத்தான் செய்யும்.

அடுத்து வந்தது பெரிய இடத்துக் கல்யாணம். ஆல்பம் முழுவதையும் நானே செய்தேன். அண்ணா ஒவ்வொரு பக்கத்தையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதிலும் துளி ரோஸ் இல்லை. கடை எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

"சூப்பர்ம்மா," என்றார், அவளைப் பார்த்து.

"ஐயோ, நான் தொடவே இல்லண்ணா. முழுக்க அக்கா பண்ணது."

"அப்போ நீ சொல்லிக் குடுத்தியா?"

"சத்தியமா இல்லண்ணா. அக்காவே கண்டுபிடிச்சாங்க."

அண்ணா என் பக்கம் திரும்பினார். அவர் முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா? சொல்லிக் குடுத்துட்டு, சொல்லிக் குடுத்தேன்னுகூட சொல்லிக்க மாட்டேங்குறா. இந்த மனசு யாருக்கு வரும்? புதுக் கடைக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும்."

அந்தக் கடை எங்கள் தெருமுனையிலேயே திறந்தது. காலையில் நான் லிங்கராஜபுரத்துக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வருவாள். "சாப்டீங்களாக்கா?" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் கடையைத் திறக்கப் போவாள். அவள் மேல் ஒரு குறை கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ பார்த்தேன். ஒன்றாவது கிடைத்திருந்தால் என் எரிச்சல் என்றைக்கோ அடங்கியிருக்கும்.