நாற்பத்தோராம் எண் சட்டை

அவளைக் குடோனில் எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் லாரித் தார்ப்பாய் தைத்தவள். எவ்வளவு தடித்த கித்தானும் அவள் மிஷினுக்கடியில் காகிதம் போலப் பணிந்து போகும். வயது நாற்பத்தாறு. கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். பிள்ளையில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "வீட்ல ரெண்டு பழைய தையல் மிஷினு இருக்கு. அதுங்க பண்ற அழிச்சாட்டியமே எங்களுக்குப் போதும்" என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாள்.

ராணுவத்தின் சிறப்புப் படைக்கு வேண்டிய சாமான்களை முன்பெல்லாம் ராணுவமே பார்த்துக்கொண்டது. பிறகு அந்தப் பொறுப்பு டெண்டரில் ஒரு தனியார் கம்பெனிக்குப் போனது. கயிறு, முதுகுப்பை, கூடாரம், கவசச் சட்டை எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டும். ஆளுக்கு ஆள் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். போய்த் திரும்பியவற்றைக் கழுவி, தைத்து, அடுத்த பயணத்துக்குத் தயாராக அடுக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் கம்பெனி ஒரு குடோன் பிடித்தது. வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லை. தார்ப்பாய்க் கடையை மூடியபோது யாரோ சொல்லி இவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். முதல் நாளே நான்கு பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உள்ளே பார்த்ததை வெளியே மூச்சுவிடக் கூடாது.

"அங்க என்னதான் தைக்கிற?" என்று கணவர் ஒரு தடவை கேட்டார்.

"பை."

"என்ன பை?"

"தோள்ல மாட்ற பை. சாப்பிடுங்க, ஆறிடும்."

அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

குடோனில் யாருக்கும் பெயர் கிடையாது. ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் எண், அந்த எண் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் ஆறு பெட்டிகள் வண்டியேறிப் போகும். சில வாரம் கழித்து ஆறும் வந்து இறங்கும். எங்கே போயின, எங்கிருந்து வந்தன என்று யாரும் சொல்வதில்லை. மடிப்புகளில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டும்போது அவளாக ஏதாவது நினைத்துக்கொள்வாள். சில சட்டைகளில் செம்மண் இருக்கும். சிலவற்றில் உப்புப் பூத்திருக்கும்.

வருஷத்துக்கு இரண்டு முறை அளவு பார்க்கும் நாள் வரும். அன்றைக்குத்தான் அந்த எண்களுக்கெல்லாம் முகம் முளைக்கும். வரிசையாக வந்து ஜன்னல் முன் நிற்பார்கள். கவசத் தகடுகளைச் செருகிய சட்டையை மாட்டிக்கொண்டு குனிந்து, நிமிர்ந்து, கையை வீசிக் காட்டுவார்கள். எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று அவள் சாக்பீஸால் கோடு போடுவாள்.

நாற்பத்தொன்று அப்படி வந்தவன்தான். இருபத்தெட்டு வயதிருக்கும். பயிற்சியில் ஒரு முறை கயிற்றிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்து, கொஞ்சம் குட்டையாகவே கூடிவிட்டது. வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.

"கம்பெனி குடுத்தத மாட்னா ஒரு பக்கமா சரிஞ்சு போவுதுக்கா. நான் நடக்குறதப் பாத்துட்டு எல்லாரும் சிரிக்கிறானுங்க."

"ரெண்டு தோளும் ஒரே அளவுல இல்லையேப்பா."

"ஆமாக்கா, வேற வேற கடைல வாங்குனது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சட்டையின் வலது தோள் வாரைப் பிரித்து, சாய்வாக வெட்டி, மெல்லிய பட்டையை உள்ளே கொடுத்துத் தைத்துத் தந்தாள். போட்டுப் பார்த்தவன் இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி நின்றான்.

"இதுவரைக்கும் எங்கம்மாதான் இந்தத் தோளக் கவனிச்சிருக்காங்க. ரெண்டாவது நீங்க."

மூன்று வருஷத்தில் ஆறு முறை அவனைப் பார்த்திருப்பாள். அவன் முகம் இப்போது அவளுக்குச் சரியாக ஞாபகம் வருவதில்லை. தோளை மட்டும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவாள்.

மழை விட்டிருந்த ஒரு மாதத்தில் ஆறு பெட்டிகள் போயின. ஐந்துதான் திரும்பின. அலமாரியில் நாற்பத்தொன்றின் இடம் காலியாகவே இருந்தது. பதினாறு நாள் கழித்து அந்தப் பெட்டி தனியாக வந்தது. சட்டையை யாரோ ஏற்கெனவே துவைத்திருந்தார்கள். சோப்பு வாடை தூக்கலாக இருந்தது. மேசையில் விரித்தாள். இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து இடுப்பு வரை கத்தரியால் வெட்டியிருந்தது. இடது அக்குளுக்குக் கீழே, தகடு மறைக்காத இடத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை.

ஸ்டோர் பொறுப்பாளர் முன்பு ராணுவத்தில் இருந்தவர், கெட்டவர் இல்லை. அவரிடம் இருந்த படிவத்தில் மூன்று கட்டங்கள்: நல்லது, தைக்கலாம், கழிவு. அவர் இரண்டாவதில் குறி போட்டார்.

"சார், இதக் கழிச்சிடலாமே."

"இந்த வருஷம் கழிச்சது ஏற்கெனவே எல்ல வரைக்கும் வந்துடுச்சும்மா. இன்னும் ஒண்ணு எழுதுனா காண்ட்ராக்டுலயே கை வைப்பாங்க. துணிதானே? உள்ள தகடு புதுசு போட்டுடுவோம்."

அவள் தைத்தாள். அதுதான் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. வேண்டாவெறுப்பாகத் தைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கைக்குப் பழகிப்போன வேலை, தானாக நன்றாக வந்துவிட்டது. வெட்டு எங்கே இருந்தது, துளை எங்கே இருந்தது என்று அவளே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வலது வாரை மட்டும் நேராக்க மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டாள். ஒரு வாரத்தில் அந்தச் சட்டை அறுபத்துமூன்று என்ற எண்ணோடு வேறொரு பெட்டிக்குப் போனது.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை, அவள் அடுப்படியில் நிற்கும்போது, அடுத்த அறையில் யாரோ சட்டையின் ஒட்டுப்பட்டையைப் பிய்க்கிற மாதிரி 'பர்ர்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கட்டிலும் மடித்து வைத்த துணியும்தான் இருக்கும். வேலை முடிந்து வந்தவன் முதல் காரியமாகக் கவசத்தைக் கழற்றுவானே, அந்தச் சத்தம். கணவரிடம் கேட்டாள்.

"உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"எனக்கா? நாள் பூரா இன்ஜின் சத்தத்துல நிக்கிறவன். நீ கத்துறதே எனக்குப் பாதிதான் கேக்குது" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கிவிட்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். வேலை விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பெண்மணி அவளருகே வந்தாள். அறுபது வயது இருக்கும். தலைமுடி எண்ணெயும் தண்ணீரும் காணாமல் பறந்துகொண்டிருந்தது.

"நீங்கதானே தோள் வாரு தச்சுக் குடுத்தது?"

ஊசியக்கா திரும்பிப் பார்த்தாள். "யாரு நீங்க?"

"என் மவன் சொல்லுவான். கழுத்துல அளவு டேப்ப மாட்டுன மேனிக்கே பஸ் ஏறுவாங்க, அவ்வளவு மறதின்னு. டயர் கடை பஸ் ஸ்டாப்புன்னும் சொல்லியிருக்கான். மூணு நாளா இங்க நிக்கிறேன். இன்னைக்குத்தான் டேப்போட ஒருத்தர் வந்தீங்க."

அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"பயிற்சில ஆத்துல முழுகிட்டான்னு சொல்றாங்க. அவன வெச்சுக் கொண்டாந்த பொட்டியத் தெறக்க விடல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவன் சட்ட உங்ககிட்ட வந்திருக்குமே, அது தண்ணில கெடந்த சட்ட மாதிரி இருந்துச்சா?"

நான்கு பக்கக் கையெழுத்து, கணவர், வேலை எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றன. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் வெறும் பை தைக்கிறவ" என்றாள். அந்த அம்மா தலையை ஆட்டினாள். ஒரு துண்டுக் காகிதத்தில் வீட்டு விலாசத்தை எழுதி அவள் கையில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து போனாள். அவளுக்கும் வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்ததா, அல்லது தனக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று ஊசியக்காவால் சொல்ல முடியவில்லை.

அடுத்த அளவு நாள் வந்தது. வரிசையில் ஒன்பதாவதாக வந்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு தோளைக் குலுக்கினான். புதியவன், முகத்தில் பரு இன்னும் ஆறவில்லை.

"அக்கா, இது ஒரு பக்கமா இழுக்குது. வலது வாரு கோணலா இருக்கு பாருங்க."

அறுபத்துமூன்று. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். இடது அக்குளுக்குக் கீழே அவள் தைத்த இடமும் கூடவே ஏறி இறங்கியது.

"கழட்டிக் குடுப்பா" என்றாள்.

மேசையில் விரித்தாள். வாரைப் பிரிக்கத்தான் கத்தரியை எடுத்தாளா, இல்லை தெரிந்தேதான் எடுத்தாளா, அவளுக்கே அது இன்னும் விளங்கவில்லை. வலது அக்குளில் தொடங்கி இடுப்பு வரை ஒரே இழுப்பில் வெட்டினாள். பிறகு இடது பக்கம். வரிசையில் நின்ற ஒருவன் பொறுப்பாளரைக் கூப்பிட்டான்.

பொறுப்பாளர் ஓடி வந்தார். "ஏம்மா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"இப்ப கழிவுன்னு எழுதுங்க சார். இந்தத் தம்பிக்குப் புதுசு குடுங்க."

அவர் சட்டையைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். படிவத்தை இழுத்து மூன்றாவது கட்டத்தில் குறி போட்டார். காரணம் என்ற இடத்தில் 'தேய்மானம்' என்று எழுதினார். அந்தப் பையனுக்குப் பிரிக்காத பையிலிருந்து புதுச் சட்டை ஒன்று கிடைத்தது. மறு வாரம் அவளுடைய கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. பொறுப்பாளரே வாசல் வரை வந்து அவளுடைய கத்தரியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மதியமே அவள் அந்த விலாசத்துக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அம்மா கதவைத் திறந்தாள்.

"அவன் முழுகலம்மா" என்றாள் ஊசியக்கா, நின்ற இடத்திலேயே. "அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். அது தண்ணில கெடந்த சட்ட இல்ல. குண்டு பட்டிருக்கு. ஒண்ணுதான்."

அம்மா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "தலைக்குத் தண்ணி ஊத்தவே பயமா இருந்துச்சு எனக்கு. ஊத்துனா மூச்சு முட்டும். அவனுக்கும் இப்பிடித்தான முட்டியிருக்கும்னு" என்றாள். பிறகு, "அப்ப அவன் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

எங்கே, எப்போது, யார் சுட்டது எதுவும் ஊசியக்காவுக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

"இருந்தாங்கம்மா. காயத்தப் பாக்குறதுக்காகச் சட்டைய வெட்டியிருக்காங்க. இருபத்தஞ்சு வருஷமாக் கத்தரி புடிக்கிறேன், வெட்டுனதப் பாத்தாக் கை எப்பிடின்னு தெரியும். நேரா, எங்கயும் நிக்காம வெட்டியிருந்துச்சு. ஓட நெனச்சவங்க வெட்டு இல்ல அது. தோளுப் பக்கம் கத்தரி போகவேயில்ல. அவன் அசையாம இருக்க யாரோ தோளப் புடிச்சிருக்கணும்."

அம்மா எழுந்து, அறை மூலையில் இருந்த குழாயைத் திறந்து, தலையைக் குனிந்து தண்ணீருக்கடியில் காட்டினாள். ஊசியக்கா பின்னால் நின்று முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அவள் படகுகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் இருக்கிறாள். அம்மா மாதம் ஒரு முறை வந்து மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். வெட்டு எப்படி இருந்தது என்று மறுபடி சொல்லச் சொல்லுவாள். இவளும் முதல் தடவை சொல்வது போலவே சொல்லுவாள். அந்தச் சட்டை அறுபத்துமூன்றுக்குப் போனதையும் அதைத் தான் வெட்டியதையும்கூட ஒரு நாள் சொல்லியிருந்தாள். போன மாதம் அம்மா வேறொன்று கேட்டாள்.

"அந்தப் புதுப் பையன், அறுபத்திமூணு, அவன் பொட்டி திரும்பி வந்துடுச்சா?"

ஊசியக்கா மிஷினை நிறுத்தினாள்.

"தெரியலம்மா. இப்ப எனக்கு யாரு சொல்லுவா?"